கால்பந்துக் களத்தில் நன்றியறிதல்

கால்பந்தாட்டம் உலக மக்கள் பலரும் விரும்பி ஆடும் ஆட்டமாகும். அதனை ஆடுவதற்கு ஒரு பந்தும் ஒரு வெளியும் இருந்தாற் போதும் எனப் பலர் எண்ணுவர். மாலைப்பொழுதில் நண்பர் நால்வர் கூடி ஆடும் ஆட்டத்திற்கு அஃது உண்மையே. ஆயின், நூற்றுக்கணக்கான சிறுவர் சிறுமியர் அணி அணியாகப் பிரிந்து, வாரந்தோறும் குறித்த நாளில், குறித்த நேரத்தில், ஒரே விதிக்கு உட்பட்டு ஆட வேண்டுமானால் பந்தும் வெளியும் மட்டும் போதா. களத்தைச் செப்பம் செய்வார் வேண்டும். ஆடக் கற்பிப்பார் வேண்டும். முறை வழுவாமற் காப்பார் வேண்டும். முதலாமவரைத் தொண்டர் என்றும், இரண்டாமவரைப் பயிற்சியாளர் என்றும், மூன்றாமவரை நடுவர் என்றும் வழங்குகிறோம். சிறார் கால்பந்தாட்டம் என்னும் மாளிகையைத் தாங்கும் தூண்கள் இம்மூவரே.

மாளிகையைக் காண்போர் அதன் மாடத்தையும் கோபுரத்தையும் வியப்பர். தூணை நினைப்பார் சிலரே. அதுபோலவே, ஆட்டம் காண வருவோர் பந்தை உதைத்துக் கோல் போட்ட சிறுவனைப் புகழ்வர். விடியற்காலையில் வந்து அக்கோலுக்கு வலை கட்டியவரை நினைப்பதில்லை. இவ்வாறு நினைக்கப்படாதவரை நினைப்பது எங்ஙனம் என்பதே இப்பாடத்தின் பொருள்.

'நன்றி' என்னும் சொல்லை இக்காலத்தில் நாம் வாயளவிற் கூறும் உபசார மொழியாகப் பெரிதும் வழங்குகிறோம். பண்டை வழக்கில் அச்சொல் நன்மையையும், ஒருவர் செய்த உதவியையும் குறித்தது. அவ்வுதவியைப் பெற்றவர் அதனை உணர்ந்து போற்றுதலை நம் முன்னோர் 'செய்ந்நன்றி அறிதல்' என்றனர். ஈண்டு 'அறிதல்' என்னும் சொல் ஊன்றி நோக்கத்தக்கது. ஒருவர் நமக்குச் செய்தது யாது, அதன்பொருட்டு அவர் இழந்தது யாது என்பவற்றை அறியாமல் அவர்க்கு மாலை சூட்டினால், அது வெறுஞ் சடங்காய் முடியும். அறிவதே நன்றியின் முதற்படி. ஆதலின், இம்மூவர் செய்யும் பணியை முதற்கண் அறிவோம்.

அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியா மாநிலத்தில் டாரன்ஸ் என்னும் நகரம் உள்ளது. 1964ஆம் ஆண்டில் அந்நகரில் ஒன்பது அணிகளைக் கொண்டு அமெரிக்க இளையோர் கால்பந்து அமைப்பு தொடங்கப்பெற்றது. அந்நாட்டில் அக்காலத்தில் கால்பந்தாட்டம் பெருவழக்காக இல்லை. தளக்கட்டாட்டம் போன்ற பிற ஆட்டங்களே மக்கள் உள்ளத்தைக் கவர்ந்திருந்தன. பொருள்வளமோ புகழோ இன்றித் தோன்றிய அவ்வமைப்பு, பின்னர்ப் பல மாநிலங்களிலும் கிளைத்துப் பரவியது. அதற்கு உரமாய் அமைந்தது ஊதியம் பெறாத பெற்றோர் உழைப்பே ஆகும். 'ஒவ்வொருவரும் ஆடுவர்' என்பது அதன் தலையாய கொள்கை. திறமை மிக்கவனாயினும் குறைந்தவனாயினும், அணியிற் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் பாதி நேரமேனும் களத்தில் இருத்தல் வேண்டும் என்பது அதன் பொருள். திறமையாளர் அனைவரும் ஒரே அணியிற் குவியாதவாறு அணிகளைச் சமன் செய்தலும் அதன் நெறிகளுள் ஒன்று. இந்நெறிகளை ஏட்டில் எழுதுதல் எளிது. எந்தப் பிள்ளை எவ்வளவு நேரம் ஆடினான் என்பதைக் கணக்கிட்டு நிறைவேற்றுதற்கு ஆட்கள் வேண்டும். அவ்வாட்களே நாம் கூறும் தொண்டரும் பயிற்சியாளரும் ஆவர்.

தொண்டரின் பணியை முதலிற் காண்போம். பருவம் தொடங்குமுன்னரே அவர்தம் வேலை தொடங்கிவிடும். பிள்ளைகளின் பெயரையும் வயதையும் பதிதல், அணி பிரித்தல், சட்டைகளை அளவறிந்து வழங்குதல், எந்த அணி எந்நாளில் எக்களத்தில் ஆடும் என அட்டவணை வகுத்தல், மழை பெய்தால் அதனை மாற்றி வகுத்தல் ஆகிய அனைத்தும் அவர் கடமை. ஆட்ட நாளில் பிறர் உறங்கும்போதே எழுந்து சென்று, களத்தில் வெண்கோடு இடுவார், மூலைகளிற் கொடி நடுவார், வலை கட்டுவார். பள்ளமும் கல்லும் கண்ணாடித் துண்டும் உளவோ என நடந்து பார்ப்பார். இடைவேளையில் பிள்ளைகளுக்கு நீரும் ஆரஞ்சுச் சுளையும் கொடுப்பார். ஆட்டம் முடிந்து அனைவரும் வீடு சென்ற பின்னர்க் குப்பையை வாரிக் களத்தைத் தூய்மை செய்வார்.

இப்பணிகளுள் ஒன்றை மட்டும் சற்று விரித்துக் கூறுவோம். கோல் சட்டங்கள் சில, நிலத்திற் புதைக்கப்படாமல் இடம் மாற்றத்தக்கனவாய் அமைந்திருக்கும். உலோகத்தால் ஆகிய அவை மிக்க எடையுடையன. அவற்றைத் தரையோடு பிணியாமல் விட்டால், காற்று வீசும்போதோ சிறுவர் பற்றித் தொங்கும்போதோ முன்புறமாகச் சாய்ந்துவிடும். இவ்வாறு சாய்ந்த சட்டத்தின் கீழ் அகப்பட்டு அமெரிக்காவில் சிறுவர் பலர் உயிர் துறந்துள்ளனர். ஆதலின் முளை அடித்தோ, மணல் மூட்டை ஏற்றியோ சட்டத்தை அசையாமல் நிறுத்துதல் தொண்டரின் கடமை ஆயிற்று. மணல் மூட்டை சுமந்த தொண்டரை ஒருவரும் கைதட்டிப் பாராட்டுவதில்லை. ஆயினும் அன்றைய ஆட்டத்தில் ஒரு குழந்தையின் உயிரைக் காத்தவர் அவராகவே இருத்தல் கூடும். நேர்ந்த தீமையை உலகம் பேசும். நேராமற் காத்த நன்மை எவர் கண்ணுக்கும் புலப்படாது. தொண்டரின் பெருமை இத்தகையது.

அடுத்துப் பயிற்சியாளரைக் காண்போம். சிறார்க்குக் கால்பந்து கற்பித்தல், பெரியோர் ஆட்டத்தைச் சுருக்கிக் கற்பித்தல் அன்று. குழந்தையின் வயதிற்கேற்பப் பந்தின் அளவும் களத்தின் அளவும் ஆடுவோர் தொகையும் வேறுபடும். அமெரிக்காவில் மிகச் சிறியோர் ஒரு பக்கத்திற்கு நால்வராக ஆடுவர். சற்று வளர்ந்தோர் எழுவராகவும், அதன்மேல் ஒன்பதின்மராகவும் ஆடுவர். 13 வயது அளவில்தான் பதினொருவர் கூடிய முழு அணியாவர். களம் சிறிதானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பந்து பலகாலும் கிடைக்கும். பிள்ளையின் ஆர்வம் குன்றாது. இக்காரணத்தை உணர்ந்து கற்பிப்பவரே நல்ல பயிற்சியாளர்.

பயிற்சியாளர் அறிய வேண்டியவை இவ்வளவோடு நில்லா. தலையால் பந்தை முட்டுதல் இளம் மூளைக்கு ஊறு விளைக்கக்கூடும் என்னும் கவலையால், 10 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உடைய பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்டலாகாது என அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் 2015ஆம் ஆண்டில் அறிவித்தது. தலையில் அடிபட்ட பிள்ளை மயங்கினாலும், தள்ளாடினாலும், பேச்சுக் குழறினாலும் உடனே களத்தினின்று நீக்கி மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். அணி தோற்கும் நிலையில் இருப்பினும், பிள்ளையே 'யான் ஆடுவேன்' என வற்புறுத்தினும் பயிற்சியாளர் இணங்குதல் கூடாது. மேலும், பிறர் குழந்தைகளைத் தம் பொறுப்பில் ஏற்பவராதலின், அவர்தம் முன்னை ஒழுக்கம் ஆராயப்படும். குழந்தைகளைத் தீங்கினின்று காக்கும் முறைகளையும் அவர் கற்றாக வேண்டும். பகலெல்லாம் அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ உழைத்துவிட்டு, ஊதியம் ஒரு காசும் பெறாமல் மாலையில் இக்கல்வியை மேற்கொள்வோர் எத்துணையர்! பந்தைக் கண்டால் அஞ்சி ஒதுங்கிய பிள்ளை ஒருவன் பருவத்தின் இறுதியில் அஞ்சாது முன்னே ஓடுவானாயின், அதுவே அவர் பெறும் ஊதியம்.

இனி, நடுவரைப் பற்றிக் கூறுவோம். கால்பந்தாட்டத்தின் தொடக்கக் காலத்தில், களத்தினுள் நின்று தீர்ப்பு வழங்கும் நடுவர் இலர். பின்னர், ஓர் அணிக்கு ஒருவராக இரண்டு கண்காணிப்பாளர் அமர்த்தப்பட்டனர். அவ்விருவரும் கருத்து மாறுபட்டபோது மட்டும் களத்தின் புறத்தே நின்ற நடுவரை அணுகுவர். 1891ஆம் ஆண்டில் இம்முறை மாறியது. நடுவர் களத்தினுள் வந்தார். தீர்ப்பு முழுவதும் அவர் பொறுப்பாயிற்று. கண்காணிப்பாளர் இருவரும் எல்லைக்கோட்டிற்குச் சென்று அவர்க்குத் துணையாயினர். அன்று தொட்டு இன்று வரை, ஆட்டத்தின் 17 விதிகளையும் களத்தில் நடைமுறைப்படுத்துபவர் நடுவரே.

நடுவர் பணி எத்துணை அரிது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். பந்து உதைக்கப்பட்ட அந்த நொடியில், எதிரணியின் எல்லையருகே நிற்கும் ஆட்டக்காரன் முறையான இடத்தில் நின்றானா, முந்தி நின்றானா என்பதைத் தீர்மானிக்க வேண்டும். பந்தை உதைத்த காலும், நாற்பது முழத்திற்கு அப்பால் நிற்கும் ஆட்டக்காரனும் ஒரே நொடியில் கண்ணுக்குப் புலனாக வேண்டும். சிறார் ஆட்டங்கள் பலவற்றில் எல்லைக்கோட்டுத் துணைநடுவர் இரார். நடுவர் ஒருவரே ஓடிக்கொண்டே இவ்வனைத்தையும் காண்பார். தொலைக்காட்சியில் ஒரே காட்சியைப் பன்முறை திருப்பிப் பார்த்துத் தீர்ப்புக் கூறுவார் போன்று அவர் கூற இயலாது. இவ்வாறு நொடிக்கு நொடி தீர்ப்பு வழங்குபவர் சிற்சில வேளைகளில் தவறுதல் இயல்பே. கோலுக்கு நேரே நின்று பந்தை வெளியே உதைத்த மகனைத் தேற்றும் தந்தை, நடுவரின் ஒரு பிழையைப் பொறாமல் கூவுவது முறையாகுமா?

நடுவர் வரலாற்றில் நினைக்கத்தக்கவர் ஒருவர் உளர். அவர் பெயர் கென் ஆஸ்டன். இங்கிலாந்து நாட்டினரான அவர் தொழிலாற் பள்ளியாசிரியர், தலைமையாசிரியராகவும் விளங்கியவர். 1962ஆம் ஆண்டில் சிலி நாட்டில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டியில், சிலி, இத்தாலி அணிகள் மோதிய ஆட்டத்திற்கு அவர் நடுவராய் இருந்தார். அவ்வாட்டம் அடிதடியாக மாறிக் காவலர் பலமுறை களம்புக நேர்ந்தது. 1966ஆம் ஆண்டில் இங்கிலாந்து, அர்ஜென்டினா அணிகள் ஆடியபோது, ஜெர்மானிய நடுவர் அர்ஜென்டினா அணித் தலைவரைக் களத்தினின்று வெளியேறுமாறு பணித்தார். ஒருவர் மொழி மற்றவர்க்கு விளங்காமையால் பெருங்குழப்பம் விளைந்தது. நடுவர்களுக்குப் பொறுப்பாளராக அப்போது இருந்த ஆஸ்டன், இதனை எண்ணியவாறே இலண்டன் தெரு ஒன்றில் காரோட்டிச் சென்றார். அங்கே போக்குவரத்து விளக்கு மஞ்சளாகிப் பின் சிவப்பாயிற்று. மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு நிறுத்தம் என்பதற்கு மொழி வேண்டா அன்றோ? அக்கருத்தினின்று பிறந்தவையே மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும். 1970ஆம் ஆண்டில் மெக்சிகோ நாட்டில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் அவை முதன்முதலாக வழக்கிற்கு வந்தன. உலகப் புகழ் பெற்ற அவ்வாசிரியர், பிற்காலத்தில் முன்னர் நாம் கூறிய அமெரிக்க இளையோர் அமைப்பின் நடுவர்களுக்குப் பல்லாண்டுகள் பயிற்சி அளித்தார். உலகக் கோப்பையைக் கண்ட பெரியவர், சிறார் ஆட்டத்திற்கு ஊதல் ஊதும் தந்தையர்க்கும் தாயர்க்கும் கற்பிப்பதைத் தமக்கு இழுக்காகக் கருதினாரல்லர்.

இத்தகைய பணி செய்வோர்க்கு உலகம் செய்யும் கைம்மாறு யாது? அதனை எண்ணுங்கால் உள்ளம் வருந்துகிறது. இங்கிலாந்தில் 14 வயது நிரம்பியோர் நடுவர் பயிற்சி பெறலாம். தம்மினும் இளையோர் ஆடும் ஆட்டத்தை நடத்த அவர்கள் ஊதலோடு களம் புகுவர். கோட்டிற்கு வெளியே நிற்கும் வளர்ந்த ஆடவரும் மகளிரும் அச்சிறுவனை நோக்கிக் கடுஞ்சொல் வீசுவர். ஓரிரு பருவங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஊதலைக் கழற்றி வைப்போர் பலர். அவர் விலகினால் ஏற்படும் இழப்பு அவரோடு முடிவதில்லை. நடுவர் இல்லாத ஆட்டம் நடைபெறாது. அதனால் இரண்டு அணிப் பிள்ளைகளும் வீடு திரும்புவர்.

கடுஞ்சொல் வளர்ந்து கைகலப்பாகுமாயின் அதன் விளைவு கொடிது. 2012ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், நெதர்லாந்து நாட்டின் அல்மேரே நகரில் இளைஞர் ஆட்டம் ஒன்று நடந்தது. தம் மகன் ஆடிய அவ்வாட்டத்தில் 41 வயதான தந்தை ஒருவர் எல்லைக்கோட்டு நடுவராகத் தொண்டாற்றினார். ஆட்டம் முடிந்ததும் எதிரணி இளைஞர் சிலர் அவரைச் சூழ்ந்து தாக்கினர். மறுநாள் அவர் உயிர் நீத்தார். அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் அவ்வார இறுதியில் நடைபெற இருந்த தொழில்முறை அல்லாத ஆட்டங்கள் அனைத்தையும் நிறுத்தியது. அடுத்த ஆண்டில் வழக்கு மன்றம் அவ்விளைஞர்களையும், உடனிருந்த தந்தை ஒருவரையும் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. கொடி பிடித்துக் கோட்டருகே ஓடிய ஒருவரின் தொண்டை நாடு முழுவதும் அறிய அவர் சாவு வேண்டியிருந்தது. வாழும்போதே அறிந்திருத்தல் அன்றோ முறை?

இந்நிலையை மாற்றப் பல நாடுகளில் முயற்சிகள் நடைபெற்றுள்ளன. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 1999ஆம் ஆண்டில் சிறுமியர் கால்பந்துச் சங்கம் ஒன்று புதுமை ஒன்றைச் செய்தது. குறித்த ஞாயிற்றுக்கிழமையன்று பெற்றோரும் பயிற்சியாளரும் வாய் திறவாமல் ஆட்டத்தைக் காண வேண்டும் என விதித்தது. அன்று களத்தில் பிள்ளைகளின் குரல் மட்டுமே கேட்டது. அம்முறை பின்னர்ப் பிற இடங்களுக்கும் பரவியது. இங்கிலாந்திலும் 2023ஆம் ஆண்டில் அமைதியாக ஆதரவு நல்கும் வார இறுதி ஒன்று கடைப்பிடிக்கப்பட்டது. இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் 2008ஆம் ஆண்டில் 'மதிப்பு' என்னும் பெயரால் ஓர் இயக்கம் தொடங்கிற்று. காண்போர் நிற்க வேண்டிய எல்லையை வரையறுத்தலும், அணித் தலைவர் ஒருவரே நடுவரிடம் பேசலாம் என விதித்தலும் அதன் கூறுகள். அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் நடுவரை இழித்துரைப்போர்க்கும் தாக்குவோர்க்கும் குறைந்த அளவுத் தண்டனைகளை வரையறுத்து 2025ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நடைமுறைப்படுத்தியது. தீங்கினின்று காத்தலும் சிறப்புச் செய்தலின் ஒரு பகுதியே. ஒருவரை ஆண்டு முழுவதும் இழிசொல்லுக்கு ஆளாக்கிவிட்டு, ஆண்டிறுதியில் அவர்க்குப் பதக்கம் அணிவித்தல் புண்ணின்மேல் பூச்சூட்டுவதை ஒக்கும்.

அங்ஙனமாயின் பதக்கமும் பாராட்டு விழாவும் வேண்டாவோ எனின், வேண்டும். பல ஆண்டு உழைத்தவரை அவையோர் முன்னே அழைத்து, அவர் செய்த பணியை வகைப்படுத்திக் கூறிச் சிறப்பித்தல், அவர்க்கு மகிழ்ச்சியும் பிறர்க்கு ஊக்கமும் தரும். ஐக்கிய நாடுகள் பேரவை 1985ஆம் ஆண்டில், டிசம்பர் 5ஆம் நாளை உலகத் தொண்டர் நாளாகக் கொண்டாடுமாறு வேண்டியதும் இக்கருத்துப் பற்றியே. ஆனால் விழாவிலும் முறை உண்டு. 'நன்கு பணியாற்றினார்' எனப் பொதுப்படக் கூறுதல் எவர்க்கும் பொருந்தும்; ஆதலின் எவர் நெஞ்சிலும் தங்காது. 'பன்னிரண்டு வாரம், ஒரு வாரமும் தவறாது, விடியுமுன் வந்து வலை கட்டினார்' எனக் கூறுதல் அவர் ஒருவர்க்கே உரியது. அணிப் பிள்ளைகள் தம் கையால் எழுதிய கடிதம் ஒன்று வெள்ளிக் கோப்பையினும் விலை மிக்கது; பயிற்சியாளர் தம்மிடம் என்ன கண்டார், என்ன கற்பித்தார் என்பதை அப்பிள்ளையன்றி வேறு யாரால் எழுத இயலும்?

நடுவர்க்குச் சிறப்புச் செய்வதில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. ஆட்டத்திற்கு முன்னே அவர்க்குப் பரிசு கொடுத்தல் நன்றியாகாது. பிறர் அதனைக் கையூட்டு என ஐயுறுவர். வென்ற பின்னர் அவரைப் புகழ்தலும் முழு நன்றி ஆகாது. அது வெற்றியின் மகிழ்ச்சியே. தோற்ற பின்னர், தீர்ப்பு ஒன்று நமக்கு மாறாக அமைந்த பின்னர், அவரிடம் சென்று கை கொடுத்து நன்றி கூறுதலே தூய நன்றியாகும். அணித் தலைவனாக இருக்கும் மாணவன் இதனைத் தன் முதற்கடமையாகக் கொள்ளுதல் வேண்டும். தலைவன் செய்வதைக் கண்டு அணியினர் செய்வர். பிள்ளைகள் செய்வதைக் கண்டு பெற்றோரும் நாணித் திருந்துவர்.

மாணவர்களே! இவையெல்லாம் பெரியோர் செய்ய வேண்டியவை என எண்ணி நீங்கள் வாளா இருத்தல் ஆகாது. ஆட்டம் முடிந்ததும் ஐந்து நிமிடம் தங்கிக் கொடிகளைப் பிடுங்கி அடுக்குதல் உங்களால் ஆகும். பயிற்சியாளர் பேசும்போது செவிசாய்த்துக் கேட்டல் உங்களால் ஆகும். தீர்ப்பு எதுவாயினும் முகம் சுளியாமல் ஆட்டத்தைத் தொடர்தல் உங்களால் ஆகும். இன்னும் சில ஆண்டுகளில் நீங்கள் வளர்ந்து, ஆடும் பருவம் கடந்து நிற்பீர்கள். அப்போது உங்கள் ஊரிலும் சிறுவர் சிலர் பந்தொன்றை வைத்துக்கொண்டு, கோடு இடுவாரும் ஊதல் ஊதுவாரும் இன்றிக் காத்திருப்பர். அன்று நீங்கள் ஊதலைக் கையில் எடுப்பீர்களாயின், உங்கட்கு உதவியவர் அனைவர்க்கும் நீங்கள் பட்ட கடன் அன்றே தீரும். ஒருவர் செய்த நன்மையை அறிந்து அதனை அடுத்த தலைமுறைக்குச் செய்தலினும் உயர்ந்த நன்றியறிதல் பிறிது இல்லை.